நாலு விசில்

மே 10, திங்கள்

இது 2010-ஆம் வருஷத்து டைரி. டெலிபோன் இலாகாவிலிருந்து நான் ஓய்வு பெற்ற வருஷம் கொடுத்தது. பாச்சை உருண்டை வாசத்தோடு பெட்டியில் கிடந்தது. ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இன்று எடுத்துப் பார்த்தால் மே 10, திங்கள் என்று போட்டிருக்கிறது. இன்றும் மே 10, திங்கள்தான். பதினோரு வருஷம் சுற்றிவிட்டுக் கிழமைகள் பழைய இடத்துக்கே வந்து நிற்கின்றன. காகிதத்தை வீணாக்க வேண்டாம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

இன்று முதல் முழு ஊரடங்கு. பாளையங்கோட்டை வீட்டு வசதிக் குடியிருப்பு, சி பிளாக், இரண்டாம் மாடி. மூன்று வீடு, மூன்று கிழவிகள். நான் ரத்தினபாய், எழுபத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, சுகரும் பிரஷரும் ஆயின. சுவருக்கு அந்தப் பக்கம் சண்முகவடிவு, எழுபத்துமூன்று, மகன் பஹ்ரைனில். எதிர்வீட்டில் பேச்சியம்மாள், எழுபத்தாறு, பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள், மகள் சிவகாசியில். போன மாதம் வரை சாயங்காலம் நாலு மணிக்கு வடிவக்கா வீட்டில் கூடுவோம். மூன்று வீட்டுக் காயையும் ஒரே முறத்தில் கொட்டி, மறுநாளைக்கு நறுக்கி வைத்துவிட்டு, ஊரிலுள்ள எல்லாரையும் ஏசிவிட்டுக் கலைவோம். பி பிளாக்கில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே வாரத்தில் கொரோனாவில் போனபின், யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் படிக்கட்டில் எழுதி ஒட்டிவிட்டார்.

அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். எனக்கும் வடிவக்காவுக்கும் அடுப்படிச் சுவர் ஒன்று. காலை எட்டு மணிக்கு அவள் சோறு வைத்தால் நாலு விசில், குழைய வேண்டும் அவளுக்கு. எனக்கு மூன்று. கேட்டால் ஆள் எழுந்துவிட்டாள், சமைத்துவிட்டாள், சுகம் என்று அர்த்தம். பேச்சியக்காவுக்கு இரண்டு காதும் மந்தம். காதுக்கருவிக்கு பேட்டரி தீர்ந்துபோய்க் கடையும் அடைப்பு. அவளுக்கு விசில் என்ன, வெடி போட்டாலும் கேட்காது. ஆகவே எட்டரைக்கு நான் கதவைத் திறந்து இரண்டு விரலைக் காட்டுவேன், எனக்கு ஒன்று, வடிவக்காவுக்கு ஒன்று. அவள் எதிர்வாசலில் நின்று ஒரு விரலைக் காட்டுவாள். கணக்கு மூன்று.

முப்பத்தெட்டு வருஷம் லைன் போட்டுக் கொடுத்தவள் வேறு எப்படி யோசிப்பாள்?

மே 12, புதன்

பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினேன். கொத்தமல்லிக் கட்டையும் கழுவினேன். அது அழுகிவிட்டது.

வடிவக்கா ஒரு தூக்குவாளியில் சொதி வைத்துப் படிக்கட்டில் விட்டுவிட்டு, தன் பின்பக்க பால்கனிக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "ஏட்டி ரத்தினம், எடுத்துக்கோ. தேங்காய்ப்பால் திரிஞ்சிராம பாத்துக்கோ."

"நீங்க வச்சது என்னைக்குத் திரிஞ்சிருக்கு?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

சோறு இறக்கியதும் முதல் பிடியைக் காக்காய்க்குப் பால்கனிச் சுவரில் வைப்பாள். வைக்காமல் அவள் சாப்பிட்டதில்லை. அவள் வீட்டு முன்னோர்கள் முடித்துவிட்டு என் வீட்டு மோர்மிளகாயையும் கொத்துகிறார்கள் என்று சொன்னேன். "வேதக்காரி வீட்டு வத்தல்னா அவங்களுக்கு ருசியா இருக்கும்" என்றாள். நான் சர்ச்சுக்குப் போகிறவள், அதைத்தான் சொல்கிறாள்.

நாலு விசில். இரண்டு விரல். ஒரு விரல்.

மே 14, வெள்ளி

சுவருக்கு அப்பால் இருமல். பால்கனியில் கேட்டேன். பரணைத் துடைத்தாளாம், தூசியாம், லேசாகத் தடுமமாம். "வெசனப்படாத, கசாயம் வச்சிக்கிட்டேன்" என்றாள். குரல் கரகரத்தது.

பரண் துடைக்க வேண்டிய வேளையா இது என்று ஏசினேன். என் வீட்டு ஜன்னலைச் சாத்தினேன். வெயில்.

மே 15, சனி

எட்டேகாலுக்கு நாலு விசில் கேட்டது.

அவள் குக்கருக்கு காஸ்கெட் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. சத்தம் மெலிந்துவிட்டது. சோறு வேகும்போது விசில் கொஞ்சம் தொண்டை கட்டியதுபோல் வரும், கஞ்சி பொங்கி மூடியில் புசுபுசுவென்று வழியும், பிறகு சீறும். இன்று சுத்தமாக, ஒரே மாதிரி, நாலும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியும் குறைவு.

தாளிக்கும் வாசமும் வரவில்லை. உளுந்தம்பருப்பு தீர்ந்திருக்கும். பால்கனிக்கும் வரவில்லை. வெயிலுக்குப் பயந்திருப்பாள்.

இரண்டு விரல் காட்டினேன்.

மே 16, ஞாயிறு

ஆராதனை கைபேசியில். போதகர் வாயசைத்தார், சத்தம் பின்னால் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு நானே ஒரு சங்கீதம் வாசித்தேன்.

எட்டு இருபதுக்கு வடிவக்கா அடுப்படியில் நாற்காலியை இழுக்கும் சத்தம். அடுப்படியில் நாற்காலி எதற்கு? மூட்டுவலி, உட்கார்ந்து சமைக்கிறாள் போலும். நாலு விசில். அதே சத்தம்.

பதினோரு மணிக்கு அவள் மகன் குமரேசன் பஹ்ரைனிலிருந்து கூப்பிட்டான். "அத்தை, அம்மா வீடியோவுல வரமாட்டேங்காவ. நெட் இல்லைங்காவ. நல்லாருக்காவளா?"

"விசில் கேட்டேன் தம்பி. நல்லாருக்காவ."

"நீங்க பக்கத்துல இருக்கதுதான் எனக்கு தைரியம்."

காது என் சோறு. இலாகாவில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். லைனின் இரைச்சலை வைத்தே அது கோவில்பட்டியா, தூத்துக்குடியா என்று சொல்லிவிடுவேன். அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சுகர் மாத்திரை இன்னும் ஒன்பது நாளைக்கு இருக்கிறது.

மே 17, திங்கள்

நாலு விசில். இரண்டு விரல்.

மே 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எட்டரைக்கு நான் இரண்டு விரலைக் காட்டியபோது பேச்சியக்கா தன் ஒரு விரலைக் காட்டவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். காது கேளாதவர்கள் பேசுவதுபோல் கட்டிடமே அதிரக் கேட்டாள்.

"ஏட்டி, வடிவு சோறு பொங்குதாளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப காக்காய்க்கு ஏன் வைக்கல? எம் பால்கனியில நின்னா அவ சுவரு தெரியும்லா. இன்னையோட நாலு நாளாச்சு. காக்கா வந்து வந்து வெறுஞ்சுவர கொத்திட்டுப் போவுது."

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். விசில் கேட்டது, விசில் கேட்டது என்று வாயை அசைத்தேன். அவள் என் வாயைப் பார்க்கவே இல்லை. நேரே போய் வடிவக்கா கதவைத் தட்டினாள். முதலில் கையால், பிறகு தன் ஊன்றுகோலால். கீழ்த்தளத்திலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். அவளுக்கு அதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

வடிவக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. பேச ஆரம்பித்தாள், மூச்சு பாதியில் நின்றுவிட்டது. பேச்சியக்கா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் என் வாசற்படியில் நின்றேன். தாண்டவில்லை.

பேச்சியக்கா வெளியே வந்தபோது கையில் குக்கர். மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே வெந்நீர். ஒரு பருக்கைகூட இல்லை. அடியில் உப்புக் கறை தெரிந்தது.

"இதாட்டி ஒன் ரெண்டு வெரலு?" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். போனை எடுத்தேன். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, கட்டுப்பாட்டு அறை, என்னோடு வேலை பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். லைன் கிடைக்கவில்லை, கிடைத்தால் படுக்கை இல்லை, இருந்தால் ஆக்ஸிஜன் இல்லை. முப்பத்தோரு அழைப்பு. சர்வீஸில் ஒரு நாளும் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை, "லைன் பிஸி சார்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவேன். இன்று கெஞ்சினேன். மூன்றரைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை என்றார்கள். ஆம்புலன்ஸ்காரர் வடிவக்கா விரலில் கருவியை மாட்டிப் பார்த்து ஆக்ஸிஜன் எண்பத்தாறு என்றார்.

இறக்கிக்கொண்டு போகும்போது வடிவக்கா முகமூடியைக் கொஞ்சம் விலக்கி என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "அடுப்ப அணைச்சேனா பாரு."

அவர்கள் போனபிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி. அரிசி டப்பா மூடியிருந்தது. முறத்தில் அவரைக்காய் காய்ந்து கிடந்தது.

மே 19, புதன்

குமரேசனிடம் பேசினேன். அழுதான். "விசில் கேட்டேன்னு சொன்னீங்களே அத்தை" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டான். லைன் சரியில்லை என்றேன்.

எனக்கும் பேச்சியக்காவுக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். வடிவக்கா வீட்டுக் கதவில் தாள் ஒட்டினார்கள்.

மே 21, வெள்ளி

எனக்கு நெகட்டிவ். பேச்சியக்காவுக்கும் நெகட்டிவ். உள்ளே போனவளுக்கும் ஒன்றுமில்லை, வாசலில் நின்றவளுக்கும் ஒன்றுமில்லை. என்னுடையதை நினைத்துச் சந்தோஷப்பட வெட்கமாக இருக்கிறது.

மே 22, சனி

எட்டரைக்குக் கதவைத் திறந்தேன். எதிர்க்கதவு திறக்கவில்லை. நாலு நாளாகத் திறக்கவில்லை. பால் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறாள், அதனால் இருக்கிறாள் என்று தெரிகிறது.

மே 24, திங்கள்

ஊரடங்கு இன்னும் கெட்டி. காய்கறி வண்டி தெருவுக்கு வருகிறது. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கினேன். நறுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அசதி. உடம்பு அசதியில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாய் இருக்கிறதாம், நிலைமை அப்படியேதான் என்றார்கள். இந்த "அப்படியே" என்ற சொல்லை ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்கிறேன்.

ஒரு பிடி சோற்றை என் பால்கனிச் சுவரில் வைத்தேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். காக்காய் வந்தது, பார்த்தது, வடிவக்கா சுவருக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

மே 27, வியாழன்

எதிர்க்கதவு திறந்தது. பேச்சியக்கா நின்றாள். நான் விரல் எதையும் காட்டவில்லை. காட்டக் கை வரவில்லை. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன்: "பயமாக இருந்தது அக்கா."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "எனக்கு மட்டும் என்ன, சந்தோஷமாவா இருந்துச்சு?" என்று கத்தினாள். பிறகு, "சாப்ட்டியா? அதச் சொல்லு" என்றாள்.

சாப்பிடவில்லை என்று கையாட்டினேன். உள்ளே போய்ப் புளிச்சாறும் சோறும் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். உறைப்பு அதிகம். மூக்கில் தண்ணீர் வந்தது. கண்ணிலும்.

மே 31, திங்கள்

ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டார்களாம்.

ஜூன் 4, வெள்ளி

வடிவக்கா வந்துவிட்டாள். இரண்டாம் மாடிக்கு ஏற முக்கால் மணி நேரம். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி போட்டு வைத்திருந்தேன். உடம்பில் பாதி இல்லை. வளையல் முழங்கை வரை வழிகிறது. மேலே வந்ததும் தன் வாசலைப் பார்த்து, "ஏன்ட்டி இவ்வளவு குப்ப?" என்றாள். பேச்சியக்கா அழுதாள். நான் அழவில்லை. ரசம் வைக்கப் போய்விட்டேன்.

ஜூன் 6, ஞாயிறு

இரண்டு நாளாக நான்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு, உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து. குழைந்த சோறு, நாலு விசில்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவரைக்காயை எடுத்துக்கொண்டு போனேன். வடிவக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கேட்டுவிட்டேன்.

"ஏங்க்கா வெறுந்தண்ணிய வச்சீங்க?"

"விசில் கேக்கலன்னா நீ வந்துருவல்லா. ஒனக்கு சுகரு. ஒட்டிக்கிட்டா தாங்குவியா? சோறு எறங்கல எனக்கு. அரிசிய வீணாக்குவானேன்னு தண்ணிய மட்டும் வச்சேன். நாலாவது வரவரைக்கும் நாக்காலியில உக்காந்திருப்பேன். பொறவு போய்ப் படுத்துக்குவேன்."

நான் அவரைக்காய் நாரை உரித்துக்கொண்டே இருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த நார் கையிலேயே சுற்றிக்கொண்டது.

"எனக்குத் தெரியும்க்கா. தண்ணி விசிலு. முத நாளே தெரிஞ்சிச்சு. காஸ்கெட்டுன்னு நெனச்சிக்கிட்டேன். நெனச்சிக்கணும்னு நெனச்சிக்கிட்டேன்."

அவள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முத ரெண்டு நாளும் நீ வரக்கூடாதுன்னுதான் கெடந்தேன். சாமி சத்தியமா. மூணாம் நாளு மட்டும் மூச்சு முட்டிச்சு. அன்னைக்கும் விசில வச்சிட்டு, நீ வந்துர மாட்டியான்னு கதவையே பாத்துக்கிட்டு கெடந்தேன்."

மூன்றாம் நாள் மே 17, திங்கள். அன்றைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாலு விசில், இரண்டு விரல் என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அன்று ஒன்பது மணிக்கு முகமூடி போட்டேன். செருப்பு மாட்டினேன். அவள் வாசல்வரை போய்க் கதவில் கை வைத்தேன். உள்ளே இருமல் கேட்டது. பி பிளாக் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் இருந்தபோதே இதைச் சொல்ல வாயெடுத்தேன். "அன்னைக்கு நான்…"

"தெரியும்ட்டி" என்றாள் வடிவக்கா. "ஒன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. வந்தது கேட்டுச்சு, திரும்பிப் போனதும் கேட்டுச்சு. எல்லாத்துக்கும் காது ஒனக்கு மட்டுந்தான் இருக்குன்னு நெனச்சியோ?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் தடுக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கையை நீட்டி முறத்தைத் தன் மடிக்கு இழுத்தாள். விரலில் வலுவில்லை. ஒரு அவரைக்காய்க்கு நார் எடுக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"பொடிசா நறுக்காத" என்றாள். "பேச்சிக்கு பெரிசா இருந்தாத்தான் பிடிக்கும்."

ஜூன் 7, திங்கள்

காலை ஏழரைக்கு அரிசியைக் களைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வடிவக்கா வீட்டுக்குப் போனேன். அவள் குக்கரில் போட்டேன். நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொண்டாள், நான் நின்றேன். விசில் வந்தது, தொண்டை கட்டிய விசில். கஞ்சி வழிந்து அடுப்பெல்லாம் நாசம். நேற்றுத்தான் துடைத்திருந்தேன்.

முதல் பிடியைச் சுவரில் வைத்தோம். காக்காய் உடனே வந்தது, சவம், ஒரு நாள்கூடப் போகாததுபோல்.

எட்டரைக்குப் பேச்சியக்கா தன் வாசலில் நின்று, வடிவக்கா வாசலுக்கு வந்த என்னைப் பார்த்தாள். எத்தனை விரல் என்று கையைத் தூக்கிக் கேட்டாள். நான் விரலைக் காட்டவில்லை. உள்ளே வந்து பார் என்று கையசைத்துக் கூப்பிட்டேன். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். குக்கருக்குள் குனிந்து பார்த்தாள்.

"கொழைஞ்சிட்டு" என்று கத்தினாள்.